வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்!

கேள்வி: தமிழ்நாட்டுச் சமவெளியில் பறவை பார்த்துப் பழகிய மாணவி, கோடைக் களப்பணிக்கு இமயமலையிலுள்ள குமாவோன் பகுதிக்குப் போகிறார். புதுப் பறவைகளை எப்படி அடையாளம் காண்பார்?

பதில்: பழகிய பறவைகளையே அளவுகோலாக வைத்துக்கொள்ளட்டும். சிட்டுக்குருவியைவிடப் பெரிதா, மைனா அளவா, காகத்தைவிடச் சிறிதா? நிறம் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறித் தெரியும், உருவத்தை நம்பலாம்.

நம்மூர்ச் சின்னானுக்கு வாலடி சிவப்பு. இமயமலைச் சின்னானுக்கோ வாலடி மஞ்சள், கன்னம் வெள்ளை, கொண்டை முன்பக்கமாக வளைந்து நிற்கும். சொந்தக்காரர் வீட்டுச் சாயல் பார்த்ததுமே பிடிபட்டுவிடும்.

கண்ணை ஏமாற்றுபவை குயிலினங்கள். சாம்பல் முதுகு, வரியோடிய வயிறு என்று இரண்டு இனங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்படும். 'குக்-கூ' என்று இரண்டே சுரம் என்றால், ஐரோப்பாவிலும் கூவும் குக்கூ. நான்கு சுரம் என்றால் இந்தியக் குயில். அந்த நான்கும் மலை மக்கள் காதில் 'காஃபல் பாக்கோ' என்று விழுகிறது. காஃபல் பழம் பழுத்துவிட்டது என்று பொருள்! அப்பழம் பழுப்பதும் கோடையில்தான். எவ்வளவு அழகான கேள்வி ஞானம்!

குரலைக் கேட்டு மெர்லின் செயலி சொல்லும் பெயரைக் கண்ணாலும் சரிபார்க்க வேண்டும். பறவை கண்முன் இருக்கும்போதே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். புத்தகத்தை அப்புறம் புரட்டலாம்.