வாத்து ஏன் சாமியாடுது?

ஏலே மருமவனே, கொஞ்சம் நில்லு. கூந்தன்குளத்துக் கரையில வந்து, கழுத்துல உரலைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி நிக்கியே, என்னது அது, பைனாகுலரா? 12×50-ஆ! சரிதான். 12 மடங்கு பெருசாக் காட்டும்னு கடைக்காரன் சொல்லிருப்பான். ஒன் கைநடுக்கத்தையும் 12 மடங்கு ஆக்கும்னு சொன்னானா? 8 மடங்கோட நிறுத்திருந்தா எனக்கு இவ்வளவு பேச்சு மிச்சம்.

அந்தா மேயுது பாரு, வரித்தலை வாத்து. இமயமலையைத் தாண்டி வந்தது. பின்மண்டையில குறுக்க கறுப்புக் கோடு இருக்கும், எண்ணு பாப்போம். நாலா? பேஷ்! இருக்கது ரெண்டுதாம்லே. அம்புட்டுத் தூரம் பறந்து வந்தது சிவனேன்னு நிக்குது, கார்ல வந்த நீ நடுங்குதே.

மொதல்ல முழங்கையை மடக்கு. சண்டைக்கோழி றெக்கையை விரிச்ச மாதிரி வச்சா எப்படி நிக்கும்? விலாவோட ஒட்டு. நீளக் குழாய்லா, கையை முன்னால தள்ளிப் பிடி, தலை தொங்காது. தொப்பி என்னத்துக்கு, செல்ஃபிக்கா? முன்விளிம்பை விரலால இழுத்துக் குழாயோட சேத்து அமுக்கு. தலையும் குழாயும் ஒண்ணாயிரும். மூச்சைப் பாதி விட்டுட்டு ரெண்டு நிமிட்டு நிறுத்து. ரெண்டு நிமிஷம் இல்லலே, ரெண்டு கண்சிமிட்டு! ஒங்க அம்மைக்கு எவன் பதில் சொல்லுதது?

இன்னும் ஆடுதா? குத்தவச்சு உக்காந்து, முழங்கால்ல முழங்கையை ஊணு. பேண்டு அழுக்காகுமோ? அப்ப கார்லயே இரு. கதவுக் கண்ணாடியைப் பாதி இறக்கி, துண்டை மடிச்சுப் போட்டு அதுமேல குழாயை வை. இன்ஜினை அமத்திரணும், இல்லேன்னா வாத்துக்குக் குளிர்காய்ச்சல் வந்துரும்.

ராத்திரிக்குன்னா கயித்துக் கட்டில்ல மல்லாந்துரு. 1610-ல கலிலியோ பாத்த வியாழனோட நிலாக்கள் ஊசிமுனைப் புள்ளியாத் தெரியும். எனக்கு ஒரு வாத்தியார் ஒருநாள் காட்டினாரு. கை ஆடிச்சுன்னா புள்ளியெல்லாம் புழுவா நெளியும்.

சரி, இந்தா என் தொரட்டிக் கம்பு. தரையில ஊணி, கம்பையும் குழாயையும் சேத்துப் பிடி. இப்ப எண்ணு. ரெண்டா? ஆங்! கம்புக்கு வாடகை உண்டு மாப்ளே. குழாயை இங்கன குடுத்துட்டு, அந்தப் புளியமரத்தடியில போய் உக்காரு. சாயங்காலம் வாரேன்.