மங்கலுக்கு வந்த மவுசு

வண்டி மங்கிப்போனால் வீட்டு மானமே போனதாக நினைத்த காலம் அது. எண்பதுகளில் அப்பா வைத்திருந்த புல்லட், திருவொற்றியூர் ஆலையில் பிறந்தது. டேங்க், மட்கார்டு, டூல் பாக்ஸ் எல்லாம் இரும்பு. டேங்கின் மேல் கையாலேயே இழுத்த தங்கக் கோடு. ஞாயிறு காலையில் பழைய பனியன் துணியும் பாலிஷ் டப்பாவுமாக உட்கார்ந்துவிடுவார். டேங்கைப் பார்த்தே மீசை ஒதுக்கும் அளவுக்குத் தேய்த்தால்தான் அவருக்குக் காபி இறங்கும்.

பெயிண்ட் போனால் பட்டறை. டிங்கர் நெளிவெடுப்பார், பெயிண்டர் பட்டி பார்த்து, தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பர் போட்டு, கன்னில் அடித்துத் தருவார். வண்டியை எடுக்கப் போகும்போது அப்பாவிடம் ஒரே கேள்விதான்: "இன்னும் கொஞ்சம் ஷைனிங் வராதாண்ணே?"

என் வண்டி மேட் கருப்பு. எந்த மங்கலை விரட்ட அப்பா காசு செலவழித்தாரோ, அதே மங்கலுக்கு நான் ஷோரூமில் கூடுதலாகக் கொடுத்தேன். பார்க்கிங்கில் யாரோ இடித்து சைடு பேனலும் முன் மட்கார்டும் உடைந்தன. புதுப்பேட்டை உதிரிபாகக் கடையில் மாற்று கிடைத்தது. நல்ல பளபளப்பு. அதுதான் குறை.

மொட்டைமாடியில் வேலை தொடங்கியது. முதலில் பிளாஸ்டிக் பாகத்தின் உள்பக்கம் பொறித்திருக்கும் எழுத்தைப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ் என்றிருந்தால் பெயிண்ட் எளிதில் பிடிக்கும். பிபி, அதாவது பாலிப்ரோப்பிலீன் என்றால், அதற்கென உள்ள பிரைமரை முதலில் அடிக்காவிட்டால் பெயிண்ட் தோலாக உரிந்துவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, 600 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பைக் கொன்று, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பழைய சிலிக்கான் பாலிஷ் துளி ஒட்டியிருந்தாலும் அந்த இடத்தில் பெயிண்ட் விலகிக் குழி விழும். அப்பாவின் பாலிஷ் டப்பா இங்கே விரோதி.

ஸ்ப்ரே கேனைக் குலுக்கி, ஒரு சாண் தூரத்துக்குக் குறையாமல் பிடித்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை அடிக்க வேண்டும். ஓரிடத்தில் கனத்துவிட்டால் அங்கே மட்டும் மினுங்கும். ஐப்பசி ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். கடைசியில் மேட் கிளியர். அதில் தூசி விழுந்தாலும் தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை, தேய்த்தால் பளபளக்கும். தாள் போட்டு, முழுப் பாகத்துக்கும் மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்த அப்பா கேட்டார்: "ஏண்டா, பளபளன்னு வந்துடக் கூடாதுன்னா இவ்வளவு பாடு?"

"ஆமாப்பா."

"நம்ம பெயிண்டர்கிட்ட சொல்லியிருந்தா, பாதிக் காசுலயே மங்கலா அடிச்சிருப்பானே!"

ஆயுத பூஜைக்கு அவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது தடுக்க வேண்டியதாயிற்று. மேட்டின் சொரசொரப்பில் சந்தனமும் குங்குமமும் இறங்கிவிட்டால் அழுத்தித் துடைக்க முடியாது. ஒரு பொட்டு கண்ணாடிக்கு, இன்னொன்று நம்பர் பிளேட்டுக்கு. சாமியும் சமாளித்துக்கொண்டது.

இவ்வளவு காபந்து செய்தும், முட்டி உரசும் இடத்தில் டேங்க் மெல்ல மினுங்கத் தொடங்கிவிட்டது. அன்று மங்கினால் வண்டி பழசு. இன்று மினுங்கினால் பழசு. விற்கப் போனால், புரோக்கர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்து, "ஷைனிங் வந்துடுச்சே சார்" என்றுதான் விலையைக் குறைப்பார்.