கொடிக்கயிறு நிலவரம்

சென்னை மழையை நுங்கம்பாக்கம் இத்தனை, மீனம்பாக்கம் இத்தனை என்று சென்டிமீட்டரில் சொல்வார்கள். வண்ணாரப்பேட்டைக்கு அளவு வேறு. கம்பெனிக்காரன் காலத்தில் துணி வெளுத்துக் காயப்போட்ட ஊர். இன்றும் மொட்டைமாடிக் கொடிதான் எங்கள் ஆய்வு மையம். எதிர்வீட்டு அக்கா போர்வை அலசினால் மதியம் மழை நிச்சயம். “யக்கா, இன்னிக்குத் தோய்க்கிறியா?” என்று கேட்டுவிட்டுத்தான் எம்.சி. ரோட்டுப் பிளாட்பாரத்தில் நைட்டி விற்கும் தம்பி கடை விரிக்கிறான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வருகிறது என்று டிவியில் தொண்டை வறளக் கத்தினார்கள். அக்கா அசராமல் மூன்று போர்வை ஊறவைத்தார். தெருத்தண்ணீர் வாசல்படி ஏறியதும் சொன்னார்: “முன்னாடியே லீவு உட்டாங்களே, எப்பவும்போல வெயிலடிக்கும்னு நெனச்சேன்.”