நால்வர் பெருமை

ஆங்கிலத்தில் ஓ, யு, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகள் பல சொற்களில் கைகோத்து நிற்கின்றன. அந்த நால்வரைப் போன்ற வள்ளல்கள் எழுத்துலகில் அரியவர்கள். மற்ற மொழிகளில் ஓர் எழுத்துக்கூட்டுக்கு ஓர் ஒலி, மிஞ்சினால் இரண்டு என்று எண்ணித்தான் கொடுப்பார்கள். இவர்களிடம் அந்தக் கஞ்சத்தனம் கிடையாது. ஒரே கூட்டை வைத்துக்கொண்டு எட்டு ஒலிகளுக்குக் குறையாமல் வாரி வழங்குகிறார்கள்.

கடினமானது 'டஃப்'. அதன் முதல் எழுத்தை மட்டும் மாற்றினால் பிசைந்த மாவு, அது 'டோ'. முரடானது 'ரஃப்', ஆனால் இருமல் 'காஃப்'. மரக்கிளை 'பௌ', உழும் ஏர் 'ப்ளௌ'. 'ஆனாலும்' என்று பொருள்படும் 'தோ'வுக்குள் ஓர் 'ஆர்' எழுத்தை நுழைத்தால் 'த்ரூ'. பொருள் 'ஊடாக' என்றாகிவிடும். அந்த ஆருக்கு முன்னால் ஓர் 'ஓ'வையும் வைத்தால் 'தரா', அதாவது முழுமையானது. அதே 'தோ'வின் கடைசியில் இன்னோர் எழுத்தைச் சேர்த்தால் 'தாட்', எண்ணம். முந்திய சொல்லைப் பார்த்து அடுத்த சொல்லை ஊகிக்கும் வீண்வேலையை நால்வர் யாருக்கும் வைப்பதில்லை. ஒவ்வொரு சொல்லும் புதுப்பாடம். எத்தனை வயதானாலும் மாணவராகவே இருக்கும் பேற்றை அவர்களைத் தவிர யார் தருவார்கள்?

சில இடங்களில் முன்னெழுத்தையும் மாற்றத் தேவையில்லை. லண்டனுக்கு மேற்கே ஓர் ஊர் இருக்கிறது, பெயர் 'ஸ்லௌ'. அதே எழுத்துகளை அப்படியே 'ஸ்லஃப்' என்று படித்தால் பாம்பு சட்டையை உரிப்பது. எப்படிப் படிக்க வேண்டும் என்று எழுத்து சொல்லாது. ஊரா பாம்பா என்று முதலில் தெரிந்துகொண்டு வாசகர்தான் எழுத்துக்குச் சொல்லித்தர வேண்டும். வாசகரை இவ்வளவு மதிக்கும் எழுத்துகள் வேறெங்கே உண்டு? விக்கலைக் குறிக்கும் 'ஹிக்கப்' என்ற சொல்லும் ஒரு காலத்தில் ஒலித்தபடியே எழுதப்பட்டு நன்றாகத்தான் இருந்தது. விக்கல் இருமலுக்கு உறவு என்று யாரோ எண்ணியதால் இருமலின் எழுத்துகள் அதன் இன்னொரு வடிவத்தின் வாலிலும் வந்து ஒட்டிக்கொண்டன. அழைக்காத இடத்துக்கும் சென்று உதவும் குணம் அது.

அவர்களுடைய நன்றியுணர்வு இன்னும் பெரிது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் பலவற்றில் தொண்டையை உரசி வரும் ஓர் ஒலி இருந்தது. ஸ்காட்லாந்தில் ஏரியைக் குறிக்கும் சொல்லின் முடிவிலும், ஜெர்மன் மொழியில் இரவைக் குறிக்கும் சொல்லின் நடுவிலும் அது இன்றும் கேட்கிறது. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின், பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் அந்த ஒலியை ஜியும் எச்சுமாக எழுதும் வழக்கத்தைப் பரப்பினார்கள். பிறகு இங்கிலாந்துக்காரர்களின் தொண்டையிலிருந்து ஒலி மறைந்தது. சில சொற்களில் ஓசையே இல்லாமல் கரைந்தது, சிலவற்றில் 'ஃப்' என்று உருமாறியது. உயிரெழுத்துகளின் ஒலிகளும் சில நூற்றாண்டுகளில் இடம்பெயர்ந்தன. அதற்குள், 1476இல், வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கிவிட்டார். வாய் மாறிக்கொண்டே போக, அச்சுக்கோப்பவர்கள் பழைய எழுத்துகளையே கோத்தார்கள். 1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வந்தபோது அவை நிலைபெற்றிருந்தன. இறந்துபோன ஓர் ஒலிக்கு இத்தனை நூற்றாண்டுகளாக இடம் காலியாக வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்கள் அதனால் தடுக்கி விழுந்தால் அது விசுவாசத்துக்குக் கொடுக்கும் விலை.

வீரத்துக்கும் குறைவில்லை. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் ஏரைக் குறிக்கும் சொல்லை மட்டும் அவர்களிடமிருந்து மீட்டார். 1906இல் குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட், 300 சொற்களை எளிய எழுத்தில் அச்சிடும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவிட்டார். 'தோ', 'த்ரூ', 'தரா' மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. சில மாதங்களில் நாடாளுமன்றம் எதிர்க்க, அவர் பின்வாங்கினார். பத்திரிகைகள் பல நாள் கேலி செய்தன. சிகாகோ டிரிபியூன் நாளிதழ் 1934இல் எளிய எழுத்தைத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் போராடி, 1975இல் 'தோ', 'த்ரூ' ஆகியவற்றின் சுருக்க வடிவங்களையும் கைவிட்டது. 1950இல் இறந்த நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா, ஆங்கிலத்துக்குப் புதிய நெடுங்கணக்கு உருவாக்கத் தம் உயிலில் பணம் ஒதுக்கினார். 1962இல் அவருடைய நாடகம் ஒன்று அந்த எழுத்தில் அச்சானது. அதோடு சரி. அதிபர், பத்திரிகை, நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் என்று யார் வந்தாலும் நால்வர் அசையவில்லை.

அசைந்தவர்கள் குழந்தைகள்தான். 2003இல் வெளியான ஓர் ஆய்வு 13 ஐரோப்பிய எழுத்துமுறைகளில் குழந்தைகள் வாசிக்கக் கற்பதை ஒப்பிட்டது. பெரும்பாலான மொழிகளில் பள்ளியின் முதலாண்டு முடிவதற்குள் வாசிப்பின் அடித்தளம் அமைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் வாசிக்கக் கற்ற குழந்தைகளுக்கு அதைவிட இருமடங்குக்கும் மேலான காலம் பிடித்தது. நால்வரின் பெருமைக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். சொந்த நாட்டுப் பிள்ளைகளையே இத்தனை காலம் தம் வாசலில் காக்கவைக்கும் செல்வாக்கு அவர்களுக்கு இருக்கிறது.

அந்தச் செல்வாக்கு நம் வகுப்பறைகளிலும் செல்லுபடியாகிறது. எழுத்தைக் கூட்டி ஒலியைச் சரியாகப் பெறும் தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளை, இருமலின் எழுத்துகளைக் கூட்டி 'கௌ' என்று வாசிக்கிறது. மரக்கிளையையும் ஏரையும் வைத்து அது செய்த கணக்கு சரிதான். நால்வர்தான் கணக்குக்கு அப்பாற்பட்டவர்கள். ஆசிரியர்களே, அந்தப் பிள்ளையை முட்டாள் என்று சொல்லாதீர்கள். இந்தச் சொற்களை விதி என்று கற்பிக்காமல், ஒவ்வொன்றாக, அவற்றின் கதையோடு கற்பியுங்கள். ஒருமுறை தவறியதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.