ரிவ்யூவர் மகாத்மியம்

நிரல் எழுதுவோர் உலகத்தில், பிறர் எழுதியதைப் பரிசீலித்து ஆட்சேபணை தெரிவிப்பதையே பிறவிப் பயனாகக் கொண்ட ரிவ்யூவர் என்றொரு இனம் உண்டு. ஈ எறும்புக்கும் தீங்கு நினையாத சாதுவான மனிதர்தாம். ஆயினும் யாரோ சிரத்தையாக எழுதி அனுப்பிய 'பேட்ச்' என்னும் நிரல் திருத்தம் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அதுவரை சாந்தமாயிருந்த அவருடைய திருமுகத்தில் ஜமாபந்திக்கு வந்த கலெக்டரின் கம்பீரம் குடியேறிவிடும்.

கார்ல் வொர்த் என்பவர் 2009-இல் தொடங்கிய 'நாட்மச்' என்னும் மின்னஞ்சல் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். மலைபோல் குவிந்த கடிதங்களிலிருந்து வேண்டியதைக் கண நேரத்தில் தேடியெடுத்து, ஈமேக்ஸ் என்னும் எடிட்டரின் திரையில் ஒரு கடிதத் தொடருக்கு ஒரு வரியாக அது காட்டும். அந்த வரியில் தேதிக்கு 12 இடம், கடிதங்களின் எண்ணிக்கைக்கு 7 இடம், எழுதியவர் பெயருக்கு 20 இடம், பிறகு பொருள், இறுதியில் அடைப்புக்குறிக்குள் குறிச்சொற்கள் என்பது வழக்கம். இந்த வரிசையையும் அளவையும் அவரவர் தம் ருசிக்கேற்ப மாற்றிக்கொள்ளட்டும் என்று ஒரு புண்ணியவான் பேட்ச் அனுப்பினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ருசி பற்றிய சச்சரவுக்கே இனி இடமில்லை என்று அந்த அப்பாவி நினைத்திருப்பார்.

நம் ரிவ்யூவரோ முதலில் நிரலைப் பார்ப்பதில்லை. திருத்தத்தை விளக்கும் குறிப்பாகிய கமிட் செய்தியைப் பார்க்கிறார். அதன் தலைப்பு வரி 50 எழுத்துக்களைத் தாண்டியிருப்பதையும், 'சேர்' என்று ஏவலாக இருக்கவேண்டிய இடத்தில் 'சேர்த்தேன்' என்று இறந்தகாலம் நுழைந்திருப்பதையும் சுட்டிக்காட்டுகிறார். அடுத்து, பதினேழாம் வரியின் கடைசியில் யார் கண்ணுக்கும் தெரியாமல் ஒண்டிக்கொண்டிருக்கும் வெற்றிடம் ஒன்றைக் கண்டுபிடித்து வெளியே இழுத்துப்போடுகிறார். மாறியின் பெயர் நீளம் என்கிறார். அதைச் சுருக்கி இரண்டாம் பதிப்பு வந்ததும், பெயர் விளங்கவில்லை என்கிறார். ஒரே பேட்சாக வந்ததை மூன்றாகப் பிரிக்கச் சொல்லி, பிரித்து வந்த பிற்பாடு, முதலிரண்டையும் சேர்த்துவிட்டால் படிக்கச் சௌகரியமாயிருக்குமே என்று வெகு விநயமாகப் பிரஸ்தாபிக்கிறார்.

அவரை வெறும் குற்றங்காணி என்று தள்ளிவிடவும் முடியாது என்பதில்தான் சங்கடம் இருக்கிறது. பெயர் 20 இடத்துக்கு மேற்பட்டால் வெட்டுவீர்களே, எதை எண்ணி வெட்டுவீர்கள் என்று நான்காம் பதிப்பின்போது கேட்டாரே ஒரு கேள்வி, அது லட்சம் பெறும். 'கோ' என்னும் நம் எழுத்து யூனிகோடில் இரண்டு குறியீடுகளாக நிற்பதால், குறியீடுகளை மட்டும் எண்ணி வெட்டும் நிரல், வெட்டு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து, ஒரு கோபாலனைக் காலும் கொம்பும் இழந்த வெறும் 'க'வாக நிறுத்திவிடக்கூடும். இத்தகைய ஆபத்தை முன்கூட்டியே காண்கிற கண்ணும், வரிக்கடைசி வெற்றிடத்தைக் காண்கிற கண்ணும் ஒரே முகத்தில்தான் இருக்கின்றன; ஒன்றை வேண்டுகிறவர்கள் மற்றதைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எஞ்சியது ஒன்றே ஒன்று: யாரும் எதையும் மாற்றாமல் விட்டுவிட்டால் திரையில் என்ன தெரிய வேண்டும் என்ற விவகாரம். எவரும் எந்த அளவையும் வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டபடியால், எல்லோருடைய அபிப்பிராய பேதமும் இந்த ஒரு புள்ளியில் வந்து குவிந்தது. பெயருக்கு 24 இடம் வேண்டும் என்பார் ஒருவர். தேதியைக் கடைசிக்குத் தள்ளவேண்டும் என்பார் இன்னொருவர். நம்மவர் இரு கட்சியாரின் வாதத்தையும் நிறுத்துப் பார்த்து, நீண்ட கடிதமெழுதி, கடைசியில் 12, 7, 20 என்ற பழைய அளவுகளே நீடிக்கட்டும் என்று தீர்ப்பளிக்க, பேட்ச் ஏற்கப்பட்டது.

எவரும் தம் திரையை விரும்பியபடி மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் இவ்வாறு சித்தித்த பின்னர், நம்மவர் தம் திரையில் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. ஏன் ஸ்வாமி என்று கேட்டால், "எனக்கு இதுவே போதும்; ஆனால் வசதி இல்லையென்று யாரும் சொல்லிவிடக்கூடாது, பாருங்கள்" என்கிறார். கையோடு, இந்த வசதியைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லையே என்ற ஆட்சேபணையையும் எழுதி அனுப்பிவிடுகிறார்.