பழைய ஃபேனுக்குக் காயில் கட்டினால் குற்றமா?

கேள்வி: புது சீலிங் ஃபேனுக்கெல்லாம் ஸ்டார் லேபிள் கட்டாயமாமே! அப்படியானால் வீட்டிலிருக்கும் பழைய ஃபேனுக்குக் காயில் கட்டுவது சட்டப்படி செல்லுமா?
– வாசகர், கங்கைகொண்டான்

பதில்: தாராளமாகச் செல்லும். சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் 2023 ஜனவரி 1 முதல் கட்டாயம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையும் வந்தது. இரண்டின் பிடியும் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை மீதுதான். உத்தரத்தில் இருபது வருடமாகச் சுற்றும் ஃபேனை யாரும் ஏணி போட்டு இறக்கப் போவதில்லை.

பட்டறைக்காரர் பழைய மோட்டாருக்குப் புது இறக்கை மாட்டி, புது ஃபேன் என்று விற்றால் மட்டும் கதை வேறு. அது ரிப்பேர் அல்ல, வியாபாரம். முத்திரை எங்கே என்று கேட்பார்கள்.

சட்டத்தைவிட முக்கியம், வேலை சுத்தமாக இருப்பது. பழைய கம்பியின் கேஜும் சுற்று எண்ணிக்கையும் மாறக் கூடாது. வார்னிஷ் நன்றாகக் காய வேண்டும். காசை மிச்சம் பிடிக்க மெல்லிய கம்பி சுற்றினால் அடுத்த கோடையிலேயே கருகும். இரும்பு உடம்பு ஃபேனுக்கு எர்த் இணைப்பு கட்டாயம் வேண்டும். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் முதலில் கப்பாசிட்டரைப் பாருங்கள். பல சமயம் கோளாறு அங்கேதான்.

பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும்; பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் கொண்ட புது வகை பி.எல்.டி.சி. ஃபேனுக்கு சுமார் 30 வாட் போதும். ராப்பகலாக ஓடும் அறைக்குப் புதிது வாங்கலாம். எப்போதாவது போடும் திண்ணை ஃபேனுக்குக் காயிலே கட்டுங்கள்.