கட்டும் கட்டுண்டோனும்: ஒரு விதிநூல் ஆய்வு

சூப்பர்ஹீரோ உலகில் வில்லனை வலையாலோ பசையாலோ பனிக்கட்டியாலோ கட்டிப்போடுவது அன்றாட நிகழ்ச்சி. கட்டுண்டவனை ஓர் அறை விடலாமா, விட்டால் யாருக்கு வலிக்கும் என்பதைப் படக்கதைகள் ஆராய்வதில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டும் அமெரிக்கக் கதாபாத்திர ஆட்டங்களே இதற்கு இலக்கணம் வகுத்தன. ஜார்ஜ் மெக்டொனால்டும் ஸ்டீவ் பீட்டர்சனும் 1981-இல் வெளியிட்ட ‘சாம்பியன்ஸ்’, அது பின்னாளில் ‘ஹீரோ சிஸ்டம்’ என விரிந்த மரபு ஆகியவை இவ்வாய்வின் மூலம்.

1. கட்டின் இயல்பு

‘என்டாங்கிள்’ என்னும் ஆற்றலுக்கு 10 புள்ளி செலவிட்டால் ஒரு பகடையும் ஒரு காப்பும் கிடைக்கும். பகடையில் 1 விழுந்தால் சுழி. 2 முதல் 5 வரை ஒன்று. 6 விழுந்தால் இரண்டு. இவற்றின் கூட்டுத்தொகையே கட்டின் உடல். ஆகவே கட்டுக்கு உடலுண்டு, காப்புண்டு, சாவுமுண்டு.

60 புள்ளிக் கட்டுக்குக் காப்பு 6, உடல் சராசரியாக 6. வலிமை 10 உள்ள சாதாரண ஆளுக்கு இரண்டே பகடை. இரண்டிலும் ஆறு விழுந்தாலும் தேறுவது 4. விடிய விடியத் திமிறினாலும் கட்டில் கீறல் விழாது. வலிமை 60 உள்ள பயில்வானுக்கோ 12 பகடை, சராசரி 12. காப்புக்கு 6 போனால் மிச்சம் 6. கட்டு அத்தோடு காலி.

2. கட்டுண்டோன் இயல்பு

இவனது விலகும் திறன் சுழியாகிவிடுகிறது. யார் அடித்தாலும் ஏறக்குறையத் தப்பாமல் படும். ஆனால் அடி முதலில் கட்டின்மேல்தான் விழும். அதைத் தகர்த்து மிஞ்சியதே அவன் பங்கு. ஆவேசமாக ஓடிவந்து குத்திய வீரனின் நண்பனால் வில்லன் விடுதலையாகி, நோகாமல் எழுந்து நிற்பதும் உண்டு. இதனாற் சொல்லியது யாதோ எனின், சண்டைக்களத்தில் ஆகப் பத்திரமான இடம் எதிரி போட்ட கட்டின் உள்ளே என்பதாம்.

3. பிறர் மதம்

அற்றேல், இஃது எல்லா நூலுக்கும் பொதுவோ எனின், அன்று. 2002-இல் ஸ்டீவ் கென்சன் படைத்த ‘மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்’ நூலின் மூன்றாம் பதிப்பில் கட்டு ஒரு பொருளே அன்று. கட்டுண்டோனைப் பிடித்த பிணி. கட்டின் தரத்தோடு 10 கூட்டிய எண்ணை 20 முகப் பகடையும் விலகும் திறனும் சேர்ந்து எட்டாவிட்டால், முதற்படியில் வேகம் பாதியாகும். இரண்டாம் படியில் அசைவே போகும். பிணி யாருக்கும் கவசமாகாது. அடி நேரே உடம்பில் இறங்கும். உயிரைக் கட்டும் பாசம் தனிப்பொருளே என்ற சைவ சித்தாந்தியும், அன்று என்ற மாயாவாதியும் விட்ட இடத்தில் பகடைக்காரர்கள் தொடர்கிறார்கள்.

4. முடிபு

கட்டுண்டவனை அடிப்பது அறமாகுமா? ஹீரோ மரபு இதற்கும் வழி வைத்திருக்கிறது. அடி கட்டுக்கும் ஆளுக்கும் சேர்ந்தே விழவேண்டுமானால், ஆற்றலின் விலையில் கால் பங்கு கூடுதலாகக் கட்டலாம். நம் 60 புள்ளிக் கட்டு 75 ஆகும். எனவே இவ்வாய்வின் துணிபு: வீரனின் மனச்சாட்சிக்கு விலை 15 புள்ளி.